அரசாங்க ஆணியில் ஒரு ரொட்டி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்குத் தோன்றிய கதை இல்லை, எனக்கு உத்தரவாக வந்த கதை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் படித்தால் கண் கலங்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள். நிபந்தனை போட்டவர் எங்கள் டைரக்டர் ஹிக்மத். என்னைவிட ரொம்ப இளையவர், நல்லவர்தான், மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தால் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று பேசுவார்.

நான் வேலை பார்ப்பது புகாராவில், கராகுல் ஆட்டுத்தோல் விற்றுப் பெரும் பணக்காரரான ஒரு வியாபாரி கட்டிய வீட்டில். வியாபாரிக்காக இந்த வீட்டை யாரும் காப்பாற்றவில்லை. அவருடைய மகனுக்காகக் காப்பாற்றி மியூசியம் ஆக்கினார்கள். மகன் அப்பாவின் காசை வைத்தே புரட்சி செய்தார், ஊரை ஆண்ட அமீரைத் துரத்தினார், பெரிய பதவிக்கு வந்தார், கடைசியில் தான் கொண்டுவந்த அரசாலேயே மாஸ்கோவில் சுடப்பட்டார். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் தேடிப்பார்ப்பீர்கள், தேடினால் கிடைக்காது, அப்புறம் என்மேல் கோபம் வரும். இந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் ‘தலைவர்’ என்றுதான் சொல்வோம். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்த அன்று நான் எழுதிய முதல் வரிகள் இவை:

“1937, வசந்த காலம். மாஸ்கோ புறப்படும் தலைவரிடம் தாய் சுடச்சுட ஒரு ரொட்டியை நீட்டினாள். தலைவர் ஒரு வாய் கடித்தார். மிச்சத்தைத் தாய் வாங்கி, இதோ, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த ஆணியில்”

[இங்கே நிறுத்திவிட்டேன். 1937-இல் தலைவர் இந்த வீட்டிலேயே இல்லை. அதற்குப் பல வருடம் முன்பே வீட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வசந்தத்தில் இந்த அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்திருப்பார்கள். தலைவருக்குச் சாமியும் கிடையாது, சடங்கும் கிடையாது. ரொட்டியை நீட்டியிருந்தால் அம்மாவுக்கு ஒரு சொற்பொழிவு நடத்தியிருப்பார்.]

இதையெல்லாம் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தேநீரை ஊதிக்கொண்டே, எந்த அம்மாவாவது பிள்ளை கிளம்பும்போது ரொட்டி நீட்டாமல் இருப்பாளா என்று என்னையே திருப்பிக் கேட்டார். ரொட்டி தொங்குகிறது, கடித்திருக்கிறது, வீடு தலைவருடையது, வேறு யார் கடித்திருப்பார்கள்?

“நீங்க கதை எழுதுங்க அக்கா. கணக்கு நான் பாத்துக்கறேன்” என்றார்.

சரி, வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

எங்கள் தெருக்கதவில் இரண்டு தட்டு வளையங்கள் உண்டு. ஒன்று கனத்தது, ஆண்கள் தட்ட. மற்றது மெல்லியது, பெண்கள் தட்ட. கனத்தது தட்டினால் வீட்டு ஆண் போய்த் திறப்பான், மெல்லியது தட்டினால் பெண் போய்த் திறப்பாள். வீட்டில் இப்போது குடும்பம் என்று யாரும் இல்லாவிட்டாலும் வளையங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் காற்றுக்குக் கதவைச் சாத்தி வைப்போம். வருகிற சுற்றுலாக்காரர்கள் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டி, படம் எடுத்து, சிரித்துவிட்டு உள்ளே வருவார்கள். இந்த வளையங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையை முடிக்கத் தெரியாதபோது எனக்கு உதவும்.

உள்ளே ஆண்கள் முற்றம், அதைத் தாண்டிப் பெண்கள் முற்றம். பெண்கள் பக்கத்துக் குளிர்கால அறையில், உத்தரத்துக்குக் கீழே ஒரு பழைய ஆணி. அந்த ஆணியில் ஒரு வட்ட ரொட்டி, துணிக்கயிற்றில் கட்டி, கல் மாதிரிக் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கடி.*

* எங்கள் ஊர்ப் பழக்கம் இது. பிள்ளை பட்டாளத்துக்கோ தூர தேசத்துக்கோ கிளம்பினால் தாய் ஒரு ரொட்டி கொடுப்பாள். அவன் ஒரு வாய் கடிப்பான். மிச்சத்தை உயரத்தில் மாட்டி வைப்பார்கள். அவன் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டும். அதுவரை இறக்கக்கூடாது. இன்னொன்றும் உண்டு: யார் வீட்டிலாவது அப்படி ஒரு ரொட்டியைப் பார்த்தால், யாருடையது என்று கேட்கக்கூடாது. கேட்டால் கண்பட்டுவிடும்.

எல்லா வினையும் அந்தக் கடைசி விஷயத்தில்தான். அந்த ரொட்டி எப்போது அங்கே வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் பார்த்திருக்கிறேன். காவலாளி பார்த்திருக்கிறார். டிக்கெட் கொடுக்கிற பெண் பார்த்திருக்கிறாள். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு போனோம். வெளியூர்க்காரன் யாராவது இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான். நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள் ஆயிற்றே.

போன வருடம் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க டைரக்டர் அந்த அறைக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். ரொட்டியைப் பார்த்தார். அவரும் கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர். தானே முடிவு கட்டிக்கொண்டு, செல்ஃபோனில் படம் எடுத்துத் தாஷ்கண்டுக்கு அனுப்பிவிட்டார். தலைவர் கடித்த ரொட்டி! தாஷ்கண்டில் ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது, அந்தக் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பொருட்களை எல்லாம் சேர்த்து. ரொட்டியையும் அனுப்புங்கள், எடுத்துப்போக ஒரு நிபுணர் வருவார் என்று கடிதம் வந்தது. பின்னாலேயே ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே பஞ்சு மெத்தை, நடுவில் ரொட்டி அளவுக்கு ஒரு குழி.

3

சனோபரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். டைரக்டர் கேட்ட ஒரு பக்கத்தில் அவளுக்கு இடமே இல்லை. அவள் பாட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“சனோபர் இந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கும் ஒரு எளிய”

[அடித்துவிட்டேன். சனோபர் எளியவளா! அவள் வாய்க்கு முன்னால் சந்தையில் தர்பூசணிக்காரன் விலையைக் குறைத்துவிட்டு மன்னிப்பும் கேட்பான். தலைவரைப் பற்றி ஒரு தடவை சொன்னாள்: “வீட்டுல அடுப்பு எரியுதான்னு பாக்காதவன், உலகத்துல நெருப்பு வைக்கக் கிளம்பிட்டான்.” டைரக்டர் பக்கத்தில் நின்றபோதே சொன்னாள். அவர் காது கேட்காதவர் மாதிரி போய்விட்டார்.]

அப்படிப்பட்டவள், பெட்டி வந்த அன்று மத்தியானம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கையில் துடைப்பம் இருந்தது. அதைச் சுவரில் சாய்க்கக்கூட மறந்து, பிடித்தபடியே நின்றாள். தலைவர் ரொட்டி கடித்த கதையை நான் எழுதுகிறேனா என்று கேட்டாள். எழுதுகிறேன், பாதியில் நிற்கிறது என்றேன்.

“எழுதாதீங்க அக்கா. அது மெஹ்ரோஜ் ரொட்டி.”

மெஹ்ரோஜ் அவள் மகன். எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவைப் பார்க்க வந்தால் வேண்டுமென்றே பெண்கள் வளையத்தைத் தட்டுவான். இவள் போய்த் திறப்பாள், ‘மீசை முளைச்ச பொண்ணு வந்துருக்கா’ என்று திட்டுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். ரயிலுக்குக் கிளம்பின அன்று இவளுக்கு இங்கே வேலை நாள். அவன் மூட்டையோடு இங்கேயே வந்திருக்கிறான். அந்தக் குளிர்கால அறையில் நின்று ஒரு வாய் கடித்துவிட்டு, உப்புப் பத்தவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இவள் வசிப்பது மகளின் புகுந்த வீட்டில், ஒரு மூலையில். சம்பந்தி வீட்டுச் சுவரில் தன் பிள்ளையின் ரொட்டியை எப்படி மாட்டுவாள்? அவன் கடித்த இடத்திலேயே ஒரு ஆணி இருந்தது. ஏணி போட்டு ஏறி மாட்டிவிட்டாள்.

“அரசாங்க வீடு. ஒரு ஆணியைப் பிடுங்கணும்னாக்கூட மேலேர்ந்து உத்தரவு வரணும்னு டைரக்டர் எப்பவும் சொல்லுவாரே. இதைவிடப் பத்திரமான இடம் எதுன்னு நெனச்சேன்” என்றாள்.

நான் அவசரக்காரி. இவ்வளவுதானே, வா, டைரக்டரிடம் சொல்லி இப்போதே பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் துடைப்பத்தைக் கதவுக்குக் குறுக்கே வைத்தாள்.

மீதியை அப்போதுதான் சொன்னாள், அதுவும் என் காதோடு. அவன் இப்போது கட்டட வேலையில் இல்லை. தாள் சரியில்லை என்று பிடித்திருக்கிறார்கள், ஜெயிலா பட்டாளமா என்று கேட்டிருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டான். சண்டை நடக்கிற இடத்தில் இருக்கிறான். எப்போதாவது ஃபோன் வரும், ஒரு நிமிடம் பேசுவான். வேறு நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவன் என்று இங்கே தெரிந்தால், உயிரோடு திரும்பி வந்தாலும் நேராகச் சிறைதான். ஊரில் எல்லோருக்கும் அவன் இன்னும் செங்கல் அடுக்குகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

“என் பிள்ளை ரொட்டின்னு சொன்னா, எங்க போனான், ஏன் வரலைன்னு கேப்பாங்க. சொல்லலைன்னா, பெட்டில வச்சு எடுத்துட்டுப் போயிருவாங்க. ரொட்டி இறங்கிட்டா அவன் வரமாட்டான் அக்கா.”

இதை நம்புகிறீர்களா என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். நான் படித்தவள், வரலாறு பாடம் எடுத்தவள். நம்புகிறேனா இல்லையா என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அவள் நம்பினாள். துடைப்பத்தை இன்னும் கதவுக்குக் குறுக்கே பிடித்திருந்தாள். 

4

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீடு பற்றி எரிந்தாலும், இதிலிருந்து என்னென்ன விதமாக வெளியே போகலாம் என்று வரிசை கட்டிப் பார்ப்போம். நானும் பார்த்தேன்.

டைரக்டரிடம் உண்மையைச் சொல்வது. [அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஃபோன் வந்தால் எழுந்து நிற்கிறவர். எழுந்து நின்றபடி எதையெல்லாம் சொல்வாரோ!]

பெட்டி கிளம்பும் முன்பு ரொட்டி காணாமல் போவது. [போலீஸ் வரும். முதலில் விசாரிக்கப்படுவது கூட்டிப் பெருக்குகிறவள்.]

எலி தின்றுவிட்டது என்று சொல்வது. [எழுதும்போதே சனோபர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “எலி வாயில போகணுமா என் பிள்ளை ரொட்டி?” என்றாள். அத்துடன் அந்த வழியை விட்டேன்.]

வேறொரு ரொட்டியைக் கடித்து அங்கே மாட்டிவிட்டு, அசலை எடுத்துக்கொள்வது.

கடைசி யோசனை என்னுடையது. அதை மறைக்க மாட்டேன். புத்திசாலித்தனம் என்று அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சனோபர் ஒத்துக்கொள்ளவில்லை. இறக்குவதுதானே தப்பு என்றாள். இறக்கவேண்டாம், ஆணியிலிருந்து எடுத்து நேராக உன் தோள் பைக்குள் போடு, பை தோளிலேயே இருக்கட்டும், நிபுணர் பொய் ரொட்டியோடு கிளம்பியதும் அசலைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடலாம் என்றேன். கீழே வைக்காதவரை அது இறங்கின கணக்கில் வராது என்று நானே ஒரு சட்டம் போட்டேன்.

அவள் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

5

ரொட்டியை அவளே சுட்டாள். கடிக்க வேண்டியது யார்? அவளால் முடியாது, பிள்ளைக்குப் பதிலாகத் தாய் கடிப்பது ஆகாது என்றாள். மீதி நான்தான் இருந்தேன்.

கடிக்கிறவர் ஊரை விட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து தின்ன வேண்டும் என்பதுதானே வழக்கம்? நான் எங்கும் போகிறவள் இல்லை. கடிக்கும்போது மனசுக்குள் ‘இது விளையாட்டு, இது விளையாட்டு’ என்று சொல்லிக்கொண்டேன். வரலாறு பாடம் எடுத்தவள்! உப்பு சரியாகத்தான் இருந்தது. அதைச் சொன்னேன். இந்தத் தடவை கூடப் போட்டேன் என்று சொல்லி அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தணிந்த தந்தூர் அடுப்பில் ரொட்டியைக் காயவைத்தோம். கண்ணேறு கழிக்கப் போடுவோமே, இஸிரிக் புகை, அந்தப் புகையில் காட்டிக் காட்டிப் பழுப்பாக்கினோம். கையில் எடுத்துப் பார்த்தால் நூறு வயது சொல்லலாம். திங்கள்கிழமை காலை, நிபுணர் வருவதற்கு முன்பு, நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள சனோபர் ஏறினாள். பை ஏற்கனவே அவள் தோளில் மாட்டியிருந்தது. ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்ததும் ஒரு நொடிகூடக் கையில் வைத்திருக்காமல் பைக்குள் விட்டாள். புதியதை மாட்டப்போனாள்.

வெளியே கனத்த வளையம் தட்டும் சத்தம். டைரக்டரின் குரல். நிபுணரைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார்!

மாட்ட நேரமில்லை. ஏணியிலிருந்து இறங்கியவள் பொய் ரொட்டியை என் கையில் திணித்தாள். நான் அதை மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் வைத்தேன். அவர்கள் உள்ளே நுழைந்தபோது, பெட்டிக்குள் வைப்பதற்காக நாங்களே முன்கூட்டி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. டைரக்டர் என்னைப் பார்த்து மெச்சிக்கொள்வது போலத் தலையாட்டினார்.

6

[இந்தப் பகுதியை எத்தனை விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்! நிபுணரை முதலில் ஒரு முரடராக எழுதினேன். பொருந்தவில்லை. பிறகு முட்டாளாக. அதுவும் இல்லை. நடந்ததையே எழுதுகிறேன்.]

அவர் ஒல்லியான மனிதர், குளிரில் மூக்கு சிவந்திருந்தது. பையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். ரொட்டியைப் பார்த்ததும் கையுறைகளைக் கழற்றிவிட்டார். வெறும் கையால் எடுத்து, உதட்டில் ஒற்றி, நெற்றியில் ஒற்றினார்.  கையுறை போட்ட மனிதனை ஏமாற்றிவிடலாம். ரொட்டியை நெற்றியில் ஒற்றுகிறவனை எப்படி ஏமாற்றுவது?

பிறகு அவர் செல்ஃபோனை எடுத்தார். டைரக்டர் அனுப்பிய படம்! அதை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். படத்தில் இருப்பது சின்னக் கடி, ஓரமாக, சிரித்துக்கொண்டே கடித்த கடி. துணிமேல் இருப்பது அகலக் கடி, நடுவில் ஒரு சின்ன மேடு. அந்த மேடு எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. என் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு.

அவர் என்னிடம் இந்த அறையைப் பற்றிச் சொல்லச் சொன்னார். முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு, பல் வெளியே தெரியாமல், உத்தரம், மாடம், வர்ணம் என்று முனகினேன். தொண்டை சரியில்லையா என்று டைரக்டர் கேட்டார். சனோபர் மூலையில் நின்றாள். தோளில் பை. வழக்கமாகப் பையைக் கதவில் மாட்டிவிட்டு வேலை பார்க்கிறவள், இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு நின்றாள். என்னை யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும், அவளை யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

நிபுணர் படத்தைப் பார்த்தார். ரொட்டியைப் பார்த்தார். என் முக்காட்டைப் பார்த்தார். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பி, மெதுவாக ஒன்று கேட்டார்.

“தலைவர் திரும்பி வந்தாரா?”

டைரக்டருக்குப் புரியவில்லை. மாஸ்கோவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, உடல்கூடக் கிடைக்கவில்லை என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

“அப்ப திரும்பி வராதவரோட ரொட்டியை ஆணியிலேர்ந்து யார் இறக்கினது?”

 டைரக்டர் பெட்டியைப் பார்த்தார். உத்தரவு தாஷ்கண்டிலிருந்து வந்தது என்று சொல்ல நினைத்திருப்பார். நான் சொல்லியிருக்க வேண்டும். பல்லைக் காட்டப் பயந்து முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“நான்தான்” என்றாள் சனோபர்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் பையைப் பார்த்தார் என்று எழுதினேன், அடித்துவிட்டேன், திரும்பவும் எழுதினேன். பார்த்தாரா இல்லையா, எனக்கு நிச்சயமில்லை. ஏணியைக் கேட்டார். தானே ஏறி, நான் கடித்த ரொட்டியைத் தன் கையாலேயே ஆணியில் மாட்டினார். கொண்டுபோகிற நிலையில் பொருள் இல்லை என்று தாஷ்கண்டுக்குத் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். இங்கேயே இருக்கட்டும், யாரும் தொடாதபடி கண்ணாடி போட்டு முத்திரை வையுங்கள் என்று டைரக்டரிடம் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மத்தியானப் புலாவுக்குக்கூட நிற்கவில்லை.

கதவு சாத்தியதும் நான் சனோபரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். தப்பித்தோம்! ரொட்டி எங்கும் போகவில்லை!

அவள் அசையவில்லை. ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் தொடாம இருந்துருந்தா, வந்தவரே அதை இறக்கியிருக்கமாட்டார் அக்கா” என்றாள்.

7

நாங்கள் மறுபடி ஏணியைத் தொடும் முன்பே டைரக்டர் திரும்பி வந்து அறையைப் பூட்டிவிட்டார். கண்ணாடியும் முத்திரையும் மறுநாளே வந்துவிட்டன. மேலே ஒரு சின்ன கேமராவும். இதில் மட்டும் எங்கள் டைரக்டர் மின்னல். முத்திரையை உடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் கடி அங்கே பத்திரமாக இருக்கிறது, கோட்டைச் சுவரைவிடப் பத்திரமாக.

அவர் கேட்ட ஒரு பக்கத்தை நான் எழுதிக் கொடுக்கவே இல்லை. மூன்று வரிதான் கொடுத்தேன்:

“இந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போனவருக்காக மாட்டிய ரொட்டி. அவர் திரும்பி வரும்வரை இறக்கக்கூடாது. யாருடையது என்று கேட்கவும் கூடாது.”

தலைவர் பெயர் எங்கே என்று டைரக்டர் கேட்டார். எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதவேண்டும் தம்பி என்றேன். அவர் அந்த மூன்று வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நிபுணர் போன பிறகு அவரும் எதையோ யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் சட்டம் போடச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், படிக்கிறார்கள், சிலருக்குக் கண் கலங்குகிறது.

சனோபர் பையைக் கழற்றுவதில்லை.

கூட்டும்போது தோளில் இருக்கிறது. அடுப்பு மூட்டும்போது முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்கிறாள். தேநீர் குடிக்கும்போது மடியில் வைக்கச் சொன்னேன், மடியும் வைப்பதுதானே என்றாள். வேறு எந்த ஆணியிலாவது மாட்டக்கூடாதா என்று ஒருநாள் கெஞ்சினேன். என் வீட்டில் மாட்டு, நானே சுவரில் ஆணி அடித்துத் தருகிறேன், யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன்.

“நீங்கதானே சொன்னீங்க, கீழ வைக்காத வரைக்கும் இறங்கலைன்னு? அந்த ஆணியிலேர்ந்து எடுத்து என் தோள்ல மாட்டிட்டேன். இன்னொரு ஆணிக்கு மாத்தினா, இறக்கி ஏத்தின மாதிரி ஆயிடும். வேணாம்.”

ராத்திரி என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம். சொல்லிவிட்டு, கால் நீட்டித் தூங்குகிறவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. நான் போட்ட சட்டம், விளையாட்டாகப் போட்ட சட்டம், ஒரு பெண்ணைப் படுக்கவிடாமல் செய்துவிட்டது.

நிபுணர் வந்து போனதிலிருந்து மெஹ்ரோஜிடமிருந்து ஃபோன் இல்லை. முன்பும் இப்படி நீண்ட இடைவெளி விழுந்ததுண்டு. அதை அவளிடம் சொல்கிறேன். அவளும் அதையே என்னிடம் சொல்கிறாள்.

ஆனால் தெருக்கதவில் மெல்லிய வளையம் தட்டினால் போதும், பையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். பாதி நேரம் சுற்றுலாக்காரர்கள், இரண்டு வளையத்தையும் மாற்றித் தட்டி விளையாடுகிறவர்கள். அந்த வளையத்தைக் கட்டி வைத்துவிடலாமா என்று டைரக்டரே கேட்டார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

8

எழுதி முடித்த வரைக்கும் சனோபருக்குப் படித்துக் காட்டினேன். பெயரை மாற்றச் சொல்வாள் என்று நினைத்தேன். [மாற்றித்தான் இருக்கிறேன். அவள் பெயரையும், அவன் பெயரையும், டைரக்டர் பெயரையும், வேறு சிலதையும்.] அவள் அதைக் கேட்கவில்லை. முடிவு எங்கே என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

“எழுதறதுதானே? அவன் வர்ற மாதிரி எழுதிடுங்க.”

உட்கார்ந்தேன். எழுதினேன்.

“மெல்லிய வளையம் தட்டியது. சனோபர் கதவைத் திறந்தாள். இளைத்துப்போன, மீசை வைத்த ஒருவன் வாசலில்”

[முடியவில்லை. இந்த வீட்டில் நான் ஏற்கனவே ஒரு பொய்யை ஆணியில் மாட்டியிருக்கிறேன். அதன் கீழே நின்று பிள்ளைகள் அழுகிறார்கள். இன்னொன்றை இவள் தோளில் மாட்ட மாட்டேன்.]

மற்றதையும் எழுதிப் பார்த்தேன்.

“கனத்த வளையம் தட்டியது. காக்கி உடுப்பில், கையில் ஒரு தாளோடு”

[இதையும் முடிக்க மாட்டேன். கை வரவில்லை. எழுதி வைத்தால் எங்கேயாவது நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நம்புகிறீர்களா என்று இப்போது கேளுங்கள், பதில் சொல்கிறேன்.]

ஆகவே மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன். ஒரு வாய் நான் கடித்துவிட்டேன், மீதியை நீங்கள் வைத்திருங்கள். கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சாயங்காலம். அறைக்குள் அடுப்பு எரிகிறது. டைரக்டர் வீட்டுக்குப் போய்விட்டார், ராத்திரிக் காவலுக்குக் காவலாளி இன்னும் வரவில்லை. சுற்றுலாக்காரர்கள் வரும் பருவம் இல்லை, இந்த நேரத்தில் யாரும் வருவதில்லை. சனோபர் எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பை தோளில் தொங்க, கொஞ்சம் கண்ணசந்திருக்கிறாள்.

தெருக்கதவில் வளையம் தட்டுகிறது.

எந்த வளையம் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் கண் விழித்துவிட்டாள், பையைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து நடக்கிறாள். முற்றத்தைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுங்கள்.